ஆயிரம் சிசி, நாலு மீட்டர், ஒரு ரப்பர் பெல்ட்

இன்ஜினைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பட்ஜெட்டில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கு. 2006 பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் ப.சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சிறிய கார் என்றால் எது? நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கணும். அவ்வளவுதான் வரையறை. எடையைக் கேட்கவில்லை, குதிரைத்திறனைக் கேட்கவில்லை.

எட்டு சதவீதம் என்பது கார் கம்பெனிக்குச் சின்ன விஷயம் இல்லை. அடுத்த சில வருஷங்களில் என்ன நடந்தது என்று பாருங்க. டாடா இண்டிகோவின் டிக்கியை வெட்டி 2008-ல் இண்டிகோ சிஎஸ் வந்தது. 2012-ல் மாருதி டிசையரின் பின்பக்கம் நறுக்கப்பட்டு 3995 மில்லிமீட்டரில் நின்றது. பின்னால் இருந்து பார்த்தால் யாரோ அவசரமாக ரம்பம் போட்ட மாதிரி இருக்கும். நீளத்தை வெட்டுவது சுலபம், அது தகரம். சிசியை வெட்டினால் வண்டி இழுக்காது. 1600 சிசி இன்ஜின் இழுக்கிற வண்டியை 1200-க்குள் இழுக்கச் சொன்னால் அதற்கு ஒரு தந்திரம் வேண்டும். அந்தத் தந்திரத்தின் பெயர் டர்போ.

இந்தக் கட்டுரை அந்தத் தந்திரத்தைப் பற்றியது. கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்து இதை எழுத ஒரு காரணம் இருக்கு. சென்னையில் இருந்து திருவண்ணாமலைக்கு வருகிற கார்கள் செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி என்று வந்து எங்க ஊர் வழியாகத்தான் போகின்றன. அந்த ஜிஎஸ்டி சாலையின் ஓரத்தில், மறைமலைநகரில், இந்தியாவின் முதல் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் காரைச் செய்த ஃபோர்டு தொழிற்சாலை இருக்கு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் ஈகோஸ்போர்ட் இல்லாத மாதம் கிடையாது. அதில் பெரும்பாலானவை டீசல், அல்லது டர்போ இல்லாத 1.5 பெட்ரோல். டர்போ பெட்ரோல் அபூர்வம். இப்போது அந்த அபூர்வ வண்டிகள்தான் மூன்றாவது கை, நாலாவது கை மாறி, விலை மலிந்து, நம்ம பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு வந்து சேர்கிற வயதில் இருக்கின்றன. பத்து வயதைத் தாண்டிய அந்த இன்ஜினை வாங்குகிறவருக்கு அது எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வண்டி வாங்கிய காசில் பெரும்பகுதியை இன்ஜினுக்கே திரும்பக் கொடுக்க வேண்டி வரும்.

சரி, முதலில் ஒரு பழைய கதை. மறைமலைநகருக்குக் கொஞ்சம் வடக்கே, அதே சாலையில், வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் இருந்தது. 1961-ல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. 948 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். அந்த இன்ஜினைப் பிரிக்க ஸ்பேனர் செட்டும் ஒரு சாக்கும் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதே கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தது. உடம்பு ரோவர் எஸ்டி1, ஆனால் உள்ளே இருந்தது 1940-களின் வேன்கார்டு வழி வந்த இரண்டு லிட்டர் இன்ஜின். புதுச் சட்டைக்குள் தாத்தா. மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் காலத்தில் நமக்கு வந்த இன்ஜின்கள் பழசு, கனம், சோம்பேறி. ஆனால் எதையும் தாங்கும். எந்த ஆயிலை ஊற்றினாலும் ஓடும். நம்ம மெக்கானிக் கலாச்சாரம் அந்த இன்ஜின்களின் மேல்தான் வளர்ந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

டர்போ புதுசு இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். காற்றை அழுத்தி ஊதினால் அதே அடுப்பில் நெருப்பு அதிகம். இன்ஜினும் ஓர் அடுப்புதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் இன்ஜின் சும்மா மூச்சு விட்டால் இரண்டு சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்றுதான் உள்ளே போகும். அழுத்தி ஊதினால் அதே இடத்தில் அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. பூஷியின் சாமர்த்தியம் என்னவென்றால், துருத்தியை மிதிக்கத் தனியாக ஆள் வைக்கவில்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகையையே ஒரு சக்கரத்தின் மேல் அடிக்க விட்டு, அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே காற்றை அழுத்தும் இன்னொரு சக்கரத்தை மாட்டினார்.

பெட்ரோல் காருக்குள் இதை நுழைத்த முதல் முயற்சிகளில் ஒன்றைச் சொல்லியே ஆகணும். 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். அழுத்திய காற்று சூடாகும். சூடான காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் முறையாக எரியாமல் தன்னால் வெடிக்கும். அதுதான் நாக்கிங். அதைத் தணிக்க ஜெட்ஃபயரில் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி காலியானால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊற்றவில்லை. வண்டி இழுக்கவில்லை என்று புகார் மட்டும் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் பத்தாயிரம் கார் கூட விற்கவில்லை. 1965-ல் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க முன்வந்தது. இன்ஜின் கேட்கிற திரவம் ஒன்று, வண்டிக்காரர் ஊற்றுகிற திரவம் வேறு. ஐம்பது வருஷம் கழித்து மறைமலைநகர் வண்டிக்கும் இதே கதைதான், அங்கே தண்ணீர், இங்கே ஆயில்.

சட்டம் டர்போவைப் பெற்றெடுப்பதும் புதுசு இல்லை. ஜப்பானில் கெய் கார் என்று ஒரு வகை உண்டு. சின்னக் காருக்கு வரிச்சலுகை, ஆனால் 550 சிசிக்குள் இருக்கணும் (1990-ல் அது 660 ஆனது). நம்ம மாருதியின் தாய்வீடான சுசுகி 1987-ல் ஆல்டோ வொர்க்ஸ் என்று ஒன்றை விட்டது. 543 சிசி, டர்போ, 64 குதிரைத்திறன். 796 சிசியில் 40-க்கும் குறைவான குதிரைத்திறனோடு இங்கே மாருதி 800 ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வரிக்காரர் சிசியை அளந்தால் இன்ஜின்காரர் காற்றை அழுத்துவார். எந்த நாடாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

இப்போது ஃபோர்டுக்கு வருவோம். 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாக வந்து, மறைமலைநகரில் தொழிற்சாலை போட்டு, எஸ்கார்ட், ஐகான் என்று போன கம்பெனி. 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ஈகோஸ்போர்ட்டைக் காட்டினார்கள். 2013 ஜூன் 26 அன்று விற்பனை, ஆரம்ப விலை 5.59 லட்சம். நீளம் 3999 மில்லிமீட்டர். பின் கதவில் தொங்குகிற ஸ்டெப்னி அந்தக் கணக்கில் சேராது! ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்திருக்கிறார்கள், பெரிய மனசு. டீசல், 1.5 பெட்ரோல் இரண்டோடு மூன்றாவதாக வந்ததுதான் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட். 1.5 பெட்ரோல் வரிச்சலுகைக்கு வெளியே நின்றது. ஒரு லிட்டர் உள்ளே நின்றது. ஆனால் சக்தி ஒரு லிட்டரில்தான் அதிகம்.

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து டன்டனில் வடிவமைத்த இன்ஜின் அது. மூன்று சிலிண்டர், 999 சிசி. சிலிண்டரின் குறுக்களவு 71.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். கம்ப்ரஷன் விகிதம் 10:1. 125 குதிரைத்திறன். 170 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 1400 சுற்றில் இருந்து 4500 வரை சமமாக. இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரிய ஒரு ஒப்பீடு. அதே காலத்து ஆல்டோ கே10-லும் மூன்று சிலிண்டர்தான், 998 சிசிதான். அது தந்தது 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர். ஒரு சிசி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமா? எங்க பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் கரண்ட் இல்லாத காலத்தில் கிணற்று நீரை இறைத்த கிர்லோஸ்கர் ஏவி1 ஆயில் இன்ஜின். ஒரே சிலிண்டர், 553 சிசி, 1500 சுற்றில் 5 குதிரைத்திறன். ஈகோபூஸ்டின் ஒரு சிலிண்டர் 333 சிசி. அது தருவது சுமார் 41 குதிரைத்திறன். கிர்லோஸ்கரை மரத்தடியில் வைத்து, சாக்கைப் போர்த்தி, கையில் கிடைத்த ஆயிலை ஊற்றி இருபது வருஷம் ஓட்டலாம். அந்த 333 சிசி சிலிண்டரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

காற்றை அழுத்துகிற டர்போ சக்கரம் நிமிஷத்துக்கு 2,48,000 சுற்று வரை போகும் என்று ஃபோர்டு சொன்னது. ஒரு விநாடிக்கு நாலாயிரத்துக்கும் மேல். இதை எழுதிவிட்டு ஒருமுறை நிறுத்தி யோசித்தேன். நீங்க 'ஒண்ணு' என்று சொல்லி முடிப்பதற்குள் நாலாயிரம் தடவை. அந்த அச்சு பால் பேரிங்கில் ஓடவில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஒரு பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை, மறு பக்கம் வெளிக்காற்று, நடுவில் முடி கனம் கூட இல்லாத ஆயில் படலம்.

மற்ற நுட்பங்களும் உண்டு. பிளாக் வார்ப்பிரும்பு, ஆனால் ஏ4 தாளின் மேல் உட்கார்ந்துவிடும் அளவு. புகைக்குழல் தனியாக இல்லை, அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே வார்த்துவிட்டார்கள். அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும், புகையின் வெப்பமும் கட்டுக்குள் இருக்கும். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படும். அது ஆவியாகும்போது உள்ளே குளிரும், நாக்கிங் குறையும். ஜெட்ஃபயர் தண்ணீர் ஊற்றிச் செய்த வேலையில் பாதியை இங்கே பெட்ரோலே செய்துவிடுகிறது. மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே ஆட்டம் போடும். அதைத் தணிக்க வழக்கமாகத் தனி எடை அச்சு ஒன்றை வைப்பார்கள். இவர்கள் வைக்கவில்லை, ஃப்ளைவீலையும் முன்பக்கப் புல்லியையும் வேண்டுமென்றே எடை சமமில்லாமல் செய்து ஆட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலகின் சிறந்த இன்ஜின் விருது. தகுதியான விருதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் விருது கொடுப்பவர்கள் புது இன்ஜினைத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். பத்து வருஷம் கழித்து யாரும் விருது கொடுப்பதில்லை.

முதல் கோளாறு கூலன்ட். 2011 முதல் 2013 வரை ஐரோப்பாவில் வந்த கார்களில், கூலன்ட் தொட்டிக்குப் போகும் ஒரு சின்னக் குழாய் வெடித்துக் கூலன்ட் ஒழுகியது. அலுமினிய ஹெட் சூட்டில் கோணியது, விரிசல் விட்டது. பிரிட்டனில் பெரிய பிரச்சினையாகி, ஃபோர்டு குழாயை மாற்றித் தர வேண்டியிருந்தது. குழாய் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், போனது முழு இன்ஜின். நமக்கு இதில் பாடம் ரொம்ப எளிது: இந்த வகை இன்ஜினில் கூலன்ட் குறைந்தால் 'அப்புறம் பார்த்துக்கலாம், இப்போதைக்குத் தண்ணி ஊத்து' என்பது கூடவே கூடாது. அம்பாசிடர் கொதித்தால் ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, டீ குடித்துவிட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கிளம்பலாம். இது ஒரே தடவை கொதித்தாலும் ஹெட் போய்விடும்.

இரண்டாவது கோளாறு பெல்ட். இங்கே கொஞ்சம் நின்று பேசணும், ஏனென்றால் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவரின் தலையில் விழுவது இதுதான்.

கிராங்க்ஷாஃப்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் இணைக்க ஒன்று இரும்புச் செயின் இருக்கும், இல்லை ரப்பர் பெல்ட் இருக்கும். ரப்பர் பெல்ட் என்றால் காய்ந்த இடத்தில், ஆயில் படாமல் இருக்கணும் என்பது பழைய விதி. ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப் போகும், சைக்கிள் டியூபில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த எந்தப் பையனும் இதைச் சொல்வான். ஃபோர்டு அந்த விதியை மாற்றியது. ஆயிலுக்கு அஞ்சாத தனி ரப்பர்க் கலவையில் பெல்ட் செய்து, இன்ஜினுக்குள்ளே, ஆயில் நனைய ஓட விட்டது. செயினை விட உராய்வு குறைவு, சத்தம் குறைவு, கொஞ்சம் மைலேஜ் கூடும். ஆயில் பம்பை ஓட்டவும் இன்னொரு சின்ன பெல்ட், அதுவும் ஆயிலுக்குள்ளேதான். ஐரோப்பாவில் சொன்ன ஆயுள் 10 வருஷம் அல்லது 2,40,000 கிலோமீட்டர்.

ரப்பர் ஆயிலைத் தாங்கும், ஆனால் எந்த ஆயிலையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஃபோர்டு இதற்கென்றே ஒரு தரம் விதித்தது, 5டபிள்யூ-20 என்கிற மிக மெல்லிய ஆயில், டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற எண்ணோடு. வேறு ஆயிலில் உள்ள சேர்மானங்கள் ரப்பரை அரிக்கலாம். இன்னொரு எதிரி பெட்ரோலே. நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற இன்ஜினில், குளிர்ந்த நிலையில் கொஞ்சம் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் சூடேறி அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் அது ஆயிலிலேயே தங்கும். பெட்ரோல் கலந்த ஆயிலில் வருஷக்கணக்காக ஊறுகிற ரப்பர் என்ன ஆகும்?

துகள் துகளாக உதிரும். உதிர்ந்த துகள் கீழே சம்ப்பில் சேரும். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சுகிற வாயில் ஒரு சல்லடை இருக்கு. துகள்கள் அதை அடைக்கும். ஆயில் பிரஷர் குறையும். நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று சுற்றுகிற டர்போ அச்சுக்கு ஆயில் இல்லை, கிராங்க் பேரிங்குக்கு ஆயில் இல்லை. அப்புறம் என்ன, ஜாம். பெல்ட் அறுந்தால்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். பெல்ட் அறுவதற்கு முன்பே, பல் பல்லாக முழுசாக இருக்கும்போதே, அதன் தூள் இன்ஜினைக் கொன்றுவிடலாம்.

பின்னால் வந்த மறுவடிவமைப்பில் ஃபோர்டு கேம்ஷாஃப்டுக்குச் செயின் போட்டது. ஆயில் பம்புக்கு மட்டும் பெல்ட் தொடர்ந்தது. அதுவும் சும்மா விடவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 1,39,730 கார்களைத் திரும்ப அழைத்தார்கள்: 2016 முதல் 2018 வரை வந்த ஃபோகஸ், 2018 முதல் 2022 வரை வந்த ஈகோஸ்போர்ட். ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் கை முறியலாம், பெல்ட்டின் பல் தேயலாம், ஆயில் பிரஷர் போய் ஓடுகிற வண்டி நின்றுவிடலாம் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த அமெரிக்க ஈகோஸ்போர்ட்கள் எங்கே செய்யப்பட்டவை தெரியுமா? நம்ம சென்னையில். மறைமலைநகரில் பூட்டப்பட்டு, கப்பல் ஏறிப் போனவை.

இது ஃபோர்டு மட்டும் பண்ணின காரியம் என்று சொன்னால் நியாயமாகாது. பிரெஞ்சுக்காரர்களின் 1.2 பியூர்டெக் இன்ஜினிலும் ஆயிலில் ஓடும் பெல்ட்தான், அதே தொல்லைதான். புஷோ, சித்ரோன் கார்களுக்காக ஐரோப்பாவில் 2024-ல் ஸ்டெல்லான்டிஸ் கம்பெனி 10 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. ஒரே காலத்தில், ஒரே புகை விதியின் அழுத்தத்தில், கால் லிட்டர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எல்லாரும் ஒரே குறுக்குவழியில் போனார்கள்.

மூன்றாவதாக ஒன்று, பெல்ட் இருந்தாலும் செயின் இருந்தாலும் எல்லா நேரடிப் பீய்ச்சல் டர்போக்களுக்கும் பொதுவானது. டாப் கியரில், குறைந்த வேகத்தில், கியரை இறக்காமல் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் சிலிண்டருக்குள் தீப்பொறிக்கு முன்பே வெடிப்பு நடக்கலாம். ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி போதும். ஒரே வெடிப்பில் பிஸ்டன் உடைந்ததும் உண்டு. ஆயிலில் இருக்கும் கால்சியம் சேர்மானத்துக்கு இதில் பங்கு இருப்பது தெரிந்ததும், 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஆயில் தரத்தையே புதிதாக வகுத்தார்கள். கேனின் மேல் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும் அந்த இரண்டு எழுத்துக்கு இவ்வளவு பெரிய கதை. வால்வின் முதுகில் கரி படிவது, அதனால் வண்டி திக்குவது எல்லாம் இதோடு ஒப்பிட்டால் சில்லறைத் தொல்லை.

இப்போது ஆரம்பத்தில் ஞாபகத்தில் வைக்கச் சொன்னதை எடுங்க. ஹெரால்டிலும் அம்பாசிடரிலும் கிர்லோஸ்கரிலும் வளர்ந்த மெக்கானிக் கலாச்சாரம். அதில் ஆயில் என்றால் ஆயில்தான். 20டபிள்யூ-40 டின் ஒன்று ஷெட்டில் இருக்கும், டிராக்டருக்கும் அதே, பைக்குக்கும் அதே. விரலில் தொட்டு, தேய்த்துப் பார்த்து, 'இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஓட்டுங்க சார்' என்பார்கள். 5டபிள்யூ-20-ஐப் பார்த்தால் 'என்ன சார் இது, தண்ணி மாதிரி இருக்கு, இதை ஊத்தினா இன்ஜின் போயிடும்' என்று நல்ல எண்ணத்திலேயே கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது வருஷம் அவர்கள் கையில் வந்த இன்ஜின்களுக்கு அது சரியான அறிவு. பழைய இன்ஜினில் பொறுமை இரும்பில் இருந்தது. இந்த இன்ஜினில் இரும்பை இழைத்து இழைத்துக் குறைத்துவிட்டு, அந்தப் பொறுமையை ஆயிலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதை ஷெட்டுக்காரருக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

டர்போ என்றாலே தெரியாது என்றும் இல்லை. பொலேரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் டீசல் எல்லாம் டர்போதான். ஆனால் டீசல் புகை பெட்ரோல் புகையை விடக் குளிர்ச்சி, டீசல் இன்ஜின் கனம். 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தை கையில் விட்ட பிறகு டீசல் வண்டிதான் எல்லாருக்கும் லாபம், ஈகோபூஸ்டை வாங்க ஆளில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தை கைக்குப் போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்து சின்ன டீசல் இன்ஜின்களின் விலையை ஏற்றியது, மாருதி டீசலையே விட்டது. அப்போதுதான் சின்ன டர்போ பெட்ரோலுக்கு உண்மையான காலம் பிறந்தது. 2019 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து வென்யூ, 998 சிசி, 120 குதிரைத்திறன், நேரடிப் பீய்ச்சல், ஆனால் செயின். 2020 டிசம்பரில் ஒரகடத்தில் இருந்து நிசான் மேக்னைட், 999 சிசி, 100 குதிரைத்திறன், பழைய முறையில் வால்வுக்கு வெளியே பீய்ச்சல். 25 குதிரைத்திறன் குறைவு என்று சிலர் முகம் சுளித்தார்கள். நம்ம சாலைக்கும் நம்ம ஆயிலுக்கும் அந்தக் கொஞ்சம் அடக்கமான வடிவமைப்புதான் பொருத்தம் என்பது என் கருத்து.

ஈகோபூஸ்ட் அதற்குள் போய்விட்டது. 2017-ல் நிறுத்தி, 2018-ல் ஈகோஸ்போர்ட் எஸ் என்று திரும்பக் கொண்டுவந்து, பிஎஸ்6-க்கு முன்பே கைவிட்டார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியையே நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் மறைமலைநகரை விட்டு வெளியே வந்தது.

ஆக, இப்போது யாராவது உங்களிடம் 'டர்போ பெட்ரோல் ஈகோஸ்போர்ட், சூப்பர் பிக்கப், விலை கம்மி' என்று காட்டினால் கிலோமீட்டரை அப்புறம் பாருங்க, வருஷத்தை முதலில் பாருங்க. ரப்பருக்கு வயசுதான் கணக்கு. குறைவாக ஓடிய வண்டி என்று மகிழவும் வேண்டாம், குறைந்த தூரம் குறைந்த தூரமாக ஓடியிருந்தால் அதுதான் பெல்ட்டுக்கு மோசம். சர்வீஸ் பில்லில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கா? எழுதவே இல்லை என்றால், தெரியாத ஆயில் என்றே எடுத்துக்கொள்ளுங்க. பெல்ட் மாற்றிய பில் இருக்கா? இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்க. அது சின்னச் செலவு இல்லை. கேம்ஷாஃப்டையும் கிராங்க்ஷாஃப்டையும் அசையாமல் பூட்டிப் பிடிக்கத் தனிக் கருவிகள் வேண்டும், தெருவோர ஷெட்டில் கண்ணளவில் செய்கிற வேலை இல்லை. மாற்றும்போது சம்ப்பைக் கழற்றி அந்தச் சல்லடையையும் பார்க்கச் சொல்லுங்க. கருப்புத் தூள் ஒட்டியிருந்தால் கதை தெரிந்துவிடும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் ஒரு விஷயம். செஞ்சி வரை வேகமாக வந்து, எங்க ஊர் தாண்டியதும் நெரிசலில் மாட்டி, ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் ஊர்ந்து, பார்க்கிங் கிடைத்த நொடியில் சாவியைத் திருகி அணைக்காதீர்கள். சூடான டர்போவில் நின்றுபோன ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்க. பதினாலு கிலோமீட்டர் நடக்கப் போகிறவருக்கு ஒரு நிமிஷம் பெரிசா?

2006-ன் அளவுகோல் மட்டும் அப்படியே இருக்கு. 2017-ல் கலால் போய் ஜிஎஸ்டி வந்தபோதும் 4 மீட்டர், 1200 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 என்று மாற்றியபோதும் அதே 4 மீட்டர், அதே 1200 சிசி. எட்டு சதவீத வித்தியாசத்துக்கே டிக்கியை வெட்டியவர்களுக்கு இப்போது இருபத்திரண்டு. 2025 அக்டோபர் 31 அன்று ஃபோர்டு தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மறைமலைநகர் மறுபடி திறக்கப் போகிறது. 3250 கோடி ரூபாய் முதலீடு, 2029-ல் உற்பத்தி, வருஷத்துக்கு 2,35,000. இந்தத் தடவை அங்கே செய்யப் போவது காரே இல்லை, வெறும் இன்ஜின்.